முதலில் தண்ணீர், பிறகு பாதை

என் அப்பா ரயில் பாதையில் கேங்மேனாக இருந்தார். மலாயா ரயில்வேயின் தண்டவாளம் சிங்கப்பூருக்குள் ஓடிய காலம் அது. புக்கிட் தீமா நிலையத்திலிருந்து வடக்கே போகும் தண்டவாளத்தில் ஒரு பகுதி அவருடைய கூட்டத்தின் பொறுப்பு. விடிவதற்கு முன்பே சம்மட்டியும் நீளமான ஸ்பேனருமாகக் கிளம்பிவிடுவார். பெரிய மழை பெய்த மறுநாள் மட்டும் கையில் மண்வெட்டி இருக்கும். பள்ளி விடுமுறை ஒன்றில் அவர் பின்னாலேயே போனேன். அன்று முழுக்க அவர் தண்டவாளத்தைத் தொடவே இல்லை. பக்கத்து வாய்க்காலில் அடைத்துக் கிடந்த இலையையும் மண்ணையும் வாரி வெளியே போட்டுக்கொண்டே இருந்தார்.

"தண்டவாளத்தப் பாக்கலையாப்பா?"

"தண்ணி போற வழிய முதல்ல பாருடா. அது ஒழுங்காப் போச்சுன்னா தண்டவாளம் தன்னால நிக்கும்."

அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு காட்டுக்குப் போகிறேன். மலைச் சைக்கிள் ஓடும் தடங்களைச் சீர்செய்யும் தொண்டூழியம். வாய்க்காலில் அடைத்த இலையை வாரும்போதெல்லாம் அப்பாவின் அந்த ஒரு வாக்கியம் காதில் விழும். புக்கிட் தீமா காட்டில் யார் யார் எப்படிப் பாதை போட்டார்கள், எந்தப் பாதை நின்றது, எது காட்டைத் தின்றது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்த வாக்கியம்தான் காரணம்.

புக்கிட் தீமா என்றால் மலாய் மொழியில் ஈயமலை என்று பொருள். ஆனால் அங்கே இருப்பது ஈயமல்ல, கருங்கல். 163 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். சிங்கப்பூரில் அதைவிட உயர்ந்த இயற்கைக் குன்று கிடையாது. அதைச் சுற்றியுள்ள காப்புக்காட்டின் பரப்பும் ஏறத்தாழ 163 ஹெக்டேர்தான். ஒரு மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடலாம். சிறிய காடு என்பதாலேயே இதில் ஒவ்வொரு பாதைக்கும் கணக்கு உண்டு. பெரிய காட்டில் ஒரு தவறான தடம் மறைந்து போகும். இங்கே அது காட்டின் ஒரு பங்கையே எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குன்றில் பாதை போட்ட முதல் ஆட்கள் மரம் வெட்டிய சீனத் தொழிலாளர்களும், காசுக்கட்டிச் செடியும் மிளகும் பயிரிட்டவர்களும். ஆங்கிலத்தில் காம்பியர் என்னும் அந்தச் செடியின் இலையைக் காய்ச்சித்தான் தோல் பதனிடும் சரக்கை எடுத்தார்கள். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்குக் காடு அழிந்தது. சில ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். மரத்தை இழுத்துவந்த தடங்களே அவர்களுடைய பாதைகள்.

அந்தத் தடங்களில் நடந்த ஒருவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். 1854இல் சிங்கப்பூர் வந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கிப் பூச்சி சேகரித்தார். இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள் கிடைத்தன. வெட்டிப் போட்ட மரங்களும் உதிர்ந்த பட்டைகளும் மரத்தூளும் வண்டுகளை ஈர்த்ததே அதற்குக் காரணம் என்று அவரே சொல்கிறார். அதே தடங்களின் ஓரத்தில் புலிக்காகத் தோண்டிய குழிகள் இருந்ததையும், சுள்ளியும் இலையும் போட்டு மூடிய அவை 15, 20 அடி ஆழம் இருக்கும் என்பதையும் எழுதியிருக்கிறார். இன்று நாங்கள் சைக்கிளில் போகும்போது வேர் தடுக்கினால் விழுவோம். அன்று விழுந்தால் எழுந்து வர முடியாது.

சாலை என்று சொல்லத்தக்கவற்றைப் போட்டவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். பிறகு வங்கம், பம்பாய், சென்னை மாகாணங்களிலிருந்து நேராகவே வந்தார்கள். சென்னை மாகாணக் கைதிகளில் தமிழர்களும் இருந்தார்கள். சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டதும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எழுந்ததும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகை எழுந்ததும் அவர்களுடைய உழைப்பால். தீவின் குறுக்கே வடக்கு நோக்கிப் போன புக்கிட் தீமா சாலையும் அப்படித்தான். 1840களின் நடுவில் அது கிராஞ்சி வரை போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் குன்றின் உச்சிக்கும் ஒரு சாலை ஏறியது. காட்டில் புலி ஆட்களை அடித்தபோது, புலி வேட்டைக்கும் கைதிகளைத்தான் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். 1873இல் கைதிகளை வைத்து வேலை வாங்கும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. மீதமிருந்த கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலை பெற்றவர்களில் பலர் இங்கேயே வண்டியோட்டியும் மாடு வளர்த்தும் வாழ்ந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பாதையிலும் பலகையாக நிற்கவில்லை.

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் காடு பெரும்பாலும் தீர்ந்த பிறகே வந்தது. 1883இல் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியல் கான்ட்லி காடுகளின் நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன. புக்கிட் தீமா அவற்றில் ஒன்று. பின்னாளில் மற்றக் காப்புக்காடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, இது தப்பியது. 1951இல் இயற்கைக் காப்பகச் சட்டம் வந்தது. 2011இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது.

தப்பியது என்று சொன்னேன். விளிம்புகள் தப்பவில்லை. கருங்கல்லுக்காகக் குன்றின் இடுப்பை மூன்று பக்கமும் குடைந்தார்கள். ஹிண்ட்ஹீட், டெய்ரி ஃபார்ம், சிங்கப்பூர் கல்லுடைப்பு என்று அந்தப் பள்ளங்களுக்கு இன்றும் பெயர் உண்டு. சிறுவனாக இருந்தபோது வெடி வைக்கும் சங்கு ஊதினால் எங்கள் லயத்து வீடுகளில் அம்மாக்கள் அலமாரியிலிருந்து கண்ணாடிப் பாத்திரங்களை இறக்கித் தரையில் வைப்பார்கள். குன்றின் மேற்கே ரயில். முதல் ரயில் பாதை 1903இல் வந்தது. அப்பா வேலை பார்த்த பாதை 1932இல் மாற்றிப் போடப்பட்டது. வடமேற்கே 1930களில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் மாட்டுப் பண்ணை. 1980களில் விரைவுச்சாலை ஒன்று வந்து, புக்கிட் தீமாவையும் கிழக்கே நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த பெரிய காட்டையும் இரண்டாக வெட்டிவிட்டது. அதன் பிறகு எறும்புத்தின்னி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர முயன்றால் சக்கரத்தில் அடிபட்டது.

இந்தக் குன்றுக்குச் சைக்கிள் முதன்முதலில் கூட்டமாக வந்தது விளையாட்டுக்காக அல்ல. 1941 டிசம்பரில் மலாய்த் தீபகற்பத்தின் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படை, அது முழுவதையும் கடந்து வந்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு. டயர் கிழிந்த பிறகு வெறும் வளையத்தில் ஓட்டினார்களாம். அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் இருக்கும் என்று அப்பா சொல்வார். அப்போது அவர் சிறுவன். 1942 பிப்ரவரி 11 வாக்கில் புக்கிட் தீமா விழுந்தது. நான்கு நாளில், புக்கிட் தீமா சாலையிலேயே உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் சரணாகதிக் கையெழுத்து. என்னுடைய முதல் மலைச் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல போய்க் காட்ட மிதிக்காதடா" என்று மட்டும் சொன்னார்.

நான் மிதித்தேன்.

மலைச் சைக்கிள் என்பது 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், டமால்பாயஸ் மலையைச் சுற்றி உருவான விளையாட்டு. பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கிய இளைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். பதினைந்து ஆண்டுக்குள் அது எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில், கப்பல் பட்டறை வேலை இல்லாத நாள்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் காட்டுக்குள் போவோம். ஒரு மலாய் நண்பர், இரண்டு சீன நண்பர்கள், பட்டறையில் என்னோடு வெல்டிங் செய்த ஒரு மலையாளி. நடப்பவர்களின் பாதை, கம்பத்து மக்கள் விட்டுப்போன பாதை, பழைய தோட்டப் பாதை, எதுவானாலும் போவோம். பாதை இல்லாத இடத்தில் பாராங்கத்தியால் செடியை வெட்டி இறங்கினோம். செங்குத்தாக, நேராக. அதுதான் வேகம்.

மூன்று பருவமழைக்குள் அந்தத் தடத்தின் கதி எங்கள் கண்முன்னே தெரிந்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அதுவும் பிற்பகலில் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. நாங்கள் நேராக இறக்கிய தடத்தைத் தண்ணீர் தன் வாய்க்காலாக எடுத்துக்கொண்டது. டயர் அகலத்தில் இருந்த கோடு முழங்கால் ஆழப் பள்ளமாயிற்று. வேர்கள் அந்தரத்தில் தொங்கின. பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்தில் ஓட்டினோம். அங்கே இரண்டாவது பள்ளம். ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. அடித்துப் போன செம்மண் எல்லாம் கீழே ஓடைக்குள் இறங்கி, தெளிந்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறமாகியிருந்தது. புக்கிட் தீமாவின் ஓடைகளில் சிறிய நண்டு ஒன்று வாழ்கிறது. 1986இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது, ஜோஹோரா சிங்கப்பூரென்சிஸ். இந்தத் தீவைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. அந்த ஓடைக்குள் நான் மண்ணைத் தள்ளியிருக்கிறேன் என்பதைப் பல ஆண்டு கழித்து ஒரு படத்தைப் பார்த்து அறிந்தேன். அன்று இரவு தூங்கவில்லை.

அந்த 1990களிலேயே நல்ல முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. சைக்கிளை நடைபாதைகளிலிருந்து விலக்கி, காப்புக்காட்டின் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்குத் தனித்தடம் ஒதுக்கினார்கள். காட்டின் நடுப்பகுதிக்குச் சைக்கிள் போகக்கூடாது. விளிம்பில், பழைய கல்லுடைப்புப் பள்ளங்களையும் மாட்டுப் பண்ணை நிலத்தையும் ஒட்டி ஓட்டிக்கொள்ளலாம். முன்பே மனிதன் கை பட்ட இடத்தில் விளையாட்டு, படாத இடத்துக்கு ஓய்வு. இதைவிடச் சரியான பங்கீடு எனக்குத் தெரியவில்லை. தடுத்தால் கள்ளத்தடம் பெருகும். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் காடு போகும். நல்ல தடம் ஒன்றைக் கொடுத்தால், பெரும்பாலான ஓட்டுநர்கள் அதிலேயே போவார்கள். நான் போனேன்.

நல்ல தடம் என்றால் என்ன என்பதை மண்வெட்டி பிடித்த பிறகே கற்றேன். சரிவில் தடம் போடும்போது நேராக இறக்கக்கூடாது. குன்றின் வயிற்றைச் சுற்றிக் குறுக்காகக் கொண்டுபோக வேண்டும். படி வெட்டுவதுபோல் சரிவுக்குள் வெட்டி, வெட்டிய பரப்பைப் பள்ளத்தின் பக்கமாக மிக லேசாகச் சாய்த்துவிட வேண்டும். தண்ணீர் தடத்தின் மேலே ஓடாமல் குறுக்கே கடந்து கீழே வழிந்துவிடும். தடத்தின் ஏற்றம், அது கிடக்கும் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் தடத்தையே வழியாகப் பிடித்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் இடையிடையே கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். அந்தத் தாழ்வான இடத்தில் தண்ணீர் வெளியேறும். பிரேக் பிடிக்கும் வளைவில் கல் பதிக்க வேண்டும். வேரை வெட்டக்கூடாது, அதைச் சுற்றிக் கல் அடுக்க வேண்டும்.

1988இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் இந்த விதிகளைத் தொகுத்து உலகெங்கும் கற்றுக்கொடுத்தது. முதல் தடவை அவற்றை ஒரு பயிற்சியில் விளக்கியபோது, பக்கத்தில் நின்ற இளைஞர், "அங்கிள், உங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். வாய்க்காலில் இலை வாரிய ஒரு கேங்மேனிடம் கற்றது. கைதிகளாக வந்து சாலை போட்டவர்களும் அறிந்திருப்பார்கள். இந்த மழையில் நின்று வேலை செய்த யாருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது.

2014 செப்டம்பரில் புக்கிட் தீமா காப்புக்காடு மூடப்பட்டது. சரிவுகள் வலுவிழந்திருந்தன, பாதைகள் தேய்ந்து அகன்றிருந்தன. நடந்தவர்களும் ஓட்டியவர்களும் சேர்ந்து செய்த தேய்மானம் அது. சரிவுகளைப் பலப்படுத்தி, அரித்த இடங்களில் மண்ணைத் தொடாமல் மரப்பலகை நடைமேடை போட்டு, இரண்டு ஆண்டு கழித்து 2016 அக்டோபரில் முழுமையாகத் திறந்தார்கள். எத்தனையோ பேர் முணுமுணுத்தார்கள். திறந்த அன்று உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் பழைய கள்ளத்தடம் இறங்கிய இடத்தின் பக்கம் இடுப்பளவு நாற்றுகள் நின்றன. எது பாதை, எது காடு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஓய்வு கொடுத்தால் காடு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை. அதற்கு முன்பே, 2013இல், விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மரம் நட்ட பாலம் ஒன்றைக் கட்டி, இரு காடுகளையும் மறுபடி இணைத்தார்கள். அந்தப் பாதையில் மனிதருக்கு அனுமதி இல்லை. எறும்புத்தின்னிக்கு உண்டு.

பழைய தடத்தைக் காப்பது ஒரு வேலை என்றால், புதுத் தடம் போடுவது இன்னொன்று. புலாவ் உபின் தீவில், கைவிடப்பட்ட கேத்தாம் கல்லுடைப்புப் பள்ளத்தைச் சுற்றி 2008இல் மலைச் சைக்கிள் பூங்கா திறந்தது. பிறகு செஸ்நட் இயற்கைப் பூங்கா. நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள பெருங்காட்டின் மேற்கு விளிம்பில் 81 ஹெக்டேர். 2015இல் தென்பகுதியும் பின்னர் வடபகுதியும் திறந்தன. அங்கே நடப்பவருக்கு ஒரு தடம், சைக்கிளுக்கு வேறு தடம். சைக்கிள் தடம் மட்டும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். பச்சை, நீலம், கறுப்பு என்று கடினத்தைக் குறித்திருக்கிறார்கள். காப்புக்காட்டைச் சுற்றி இப்படிக் கவசம்போல் பூங்காக்களை வைத்தால், கூட்டத்தின் பாரத்தை அவை தாங்கும். உள்ளே இருக்கும் பழைய காடு மூச்சு விடும். செஸ்நட்டில் என் பேத்தி முதல் தடவை ஓட்டியபோது எதிரே நடப்பவர் யாரும் வரவில்லை, மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை. என் முப்பத்தைந்து வயதில் எனக்கு இப்படி ஒரு தடம் கிடைத்திருந்தால் பாராங்கத்தியைக் கையில் எடுத்திருக்க மாட்டேன்.

அப்பா வேலை பார்த்த ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசியாக ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். 24 கிலோமீட்டர் நீளத்துக்கு அது இப்போது பசுமைப் பாதை. நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். புக்கிட் தீமா நிலையமும் அருகே இருக்கும் இரும்புப் பாலமும் நிற்கின்றன. அப்பா வாரிய வாய்க்காலில் ஒரு பகுதி இன்னும் அடைக்காமல் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

புதுத் தடம் கேட்கும் இளைஞர்களுக்கு நான் எதிரி அல்ல. கேளுங்கள், விளிம்பில், கை பட்ட நிலத்தில் கேளுங்கள். திறந்த பிறகு ஓட்டுவதற்கு மட்டும் வராமல் மண்வெட்டியோடும் வாருங்கள். மழை பெய்து ஒரு நாள் ஆகும் வரை ஓட்டாதீர்கள். ஈர மண்ணில் ஒரு டயர் போட்ட கோடு அடுத்த மழைக்கு வாய்க்கால். ஒன்றை மட்டும் இன்றே தொடங்கலாம். தடத்தின் நடுவே சேறு நின்றால் பக்கத்துச் செடியை மிதித்துச் சுற்றிப் போகாதீர்கள். சுற்றிப் போகும் ஒவ்வொருவரும் பாதையை ஒரு சாண் அகலப்படுத்துகிறோம், காட்டை ஒரு சாண் குறைக்கிறோம். சேற்றின் நடுவிலேயே போங்கள். நடந்து வந்தாலும் அப்படியே. காலணியை வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.